ட்ரஃபிள் உப்பு: எதில் போடுவது, அந்த வாசம் எங்கிருந்து வருகிறது?

அரைக்கரண்டி

வணக்கம் மக்களே. இத்தாலி போய் வந்த உறவினர் ஒருவர் ட்ரஃபிள் உப்பு என்று ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில் கொடுத்தார். ட்ரஃபிள் என்பது மண்ணுக்கடியில் விளையும் விலையுயர்ந்த பொருளாம். மூடியைத் திறந்த உடனே வீட்டில் ஒருவர் எழுந்து போய் கேஸ் அடுப்பு சரியாக அணைந்திருக்கிறதா என்று பார்த்தார். அப்படி ஒரு வாசம்.

உப்புக்குள் கறுப்பும் பழுப்புமாகத் துணுக்குகள் கிடக்கின்றன. ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்துக் கடித்தால் சப்பென்று இருக்கிறது. ஆனால் உப்பை மோந்தால் ஆளைத் தூக்குகிறது. வாசம் துணுக்கில் இல்லையென்றால் வேறு எங்கே இருக்கிறது? இதை எதில் போட்டுச் சாப்பிடுவது? பாஸ்தா வேகும் தண்ணீரிலேயே போடலாம் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள், சரியா?

பின்னிரவுப்பசி

முட்டை. வேறு எதையும் யோசிக்காதீர்கள். முட்டை.

சோதனைக்குழாய்

கேஸ் அடுப்பைப் பார்க்கப் போனவரின் மூக்கைப் பாராட்ட வேண்டும். சமையல் எரிவாயுவுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் போன்ற கந்தகச் சேர்மம் ஒன்றைக் கலந்து அனுப்புகிறார்கள். ட்ரஃபிள் வாசத்தின் முதுகெலும்பும் கந்தகச் சேர்மங்கள்தான். மூக்கு இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டது நியாயம்.

வெள்ளை ட்ரஃபிளில் முக்கியமானது 2,4-டைதயாபென்டேன். இத்தாலிய வேதியியலாளர்கள் 1967இல் இதை அடையாளம் கண்டார்கள். கறுப்பு ட்ரஃபிளின் கதை வேறு. அதில் டைமெத்தில் சல்ஃபைடும், பல ஆல்டிஹைடுகளும் ஆல்கஹால்களும் சேர்ந்து வேலை செய்கின்றன. ட்ரஃபிளுக்குள்ளேயே வாழும் பாக்டீரியாக்களுக்கும் மணத்தில் பங்கு உண்டு. ஒரே ஒரு சேர்மத்தை வைத்து முழு வாசனையையும் கொண்டுவர முடியாததற்கு இதுதான் காரணம்.

இனி உங்கள் பாட்டில். இந்தச் சேர்மங்கள் எல்லாமே எளிதில் ஆவியாகக் கூடியவை. ட்ரஃபிளைச் சீவிக் காற்றில் உலர்த்தும்போதே பெரும்பகுதி போய்விடும். உறைநிலையில் உலர்த்தினால் கொஞ்சம் கூடுதலாகத் தங்கும், அவ்வளவுதான். அதனால்தான் துணுக்கு சப்பென்று இருக்கிறது. உப்பு மணப்பது, தனியே சேர்த்த வாசனைப் பொருளால். பெரும்பாலும் அது ஆய்வகத்தில் தயாரித்த அதே 2,4-டைதயாபென்டேன். மீத்தேன்தயாலையும் ஃபார்மால்டிஹைடையும் வினைபுரியவைத்து அதைத் தயாரிக்கலாம்.

லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அரைக்கரண்டி

பார்த்தேன் சார். கடல் உப்பு, கோடைக்கால ட்ரஃபிள் 3%, அப்புறம் 'அரோமா' என்று ஒரே ஒரு சொல். அப்போ இது டூப்ளிகேட்டா?

கானகத்தான்

டூப்ளிகேட் என்றுதான் நான் சொல்வேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் பாட்டிலில் 3 கிராம் துணுக்கு. இரண்டு முட்டைக்கு ஒரு கிராம் உப்பு தூவினால் தட்டுக்கு வருவது 30 மில்லிகிராம், அதுவும் உலர்ந்து மணம் போனது. வெள்ளை ட்ரஃபிளுக்குப் பேர்போன இத்தாலிய ஊரான ஆல்பாவில் ஒரு தட்டுக்கு மேல் பச்சை வெள்ளை ட்ரஃபிளைச் சீவிப் போடுவது 5 முதல் 10 கிராம் வரை. இரண்டுக்கும் ஒரே பெயரா?

பெயரில் ட்ரஃபிள், படத்தில் ட்ரஃபிள், வாசம் மட்டும் தொழிற்சாலையிலிருந்து.

பொடியெழுத்து

கானகத்தான் அண்ணே, கோபம் புரிகிறது. ஆனால் டூப்ளிகேட் என்று சொல்ல முடியாது. அந்த பாட்டில் தன் சங்கதியை மறைக்கவே இல்லை. நாம் தான் முன்பக்கத்தைப் படித்துவிட்டுப் பின்பக்கத்தை விட்டுவிடுகிறோம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு விதி இருக்கிறது. பொருளின் பெயரிலேயே ஒரு உட்பொருளைச் சொன்னால் அது எத்தனை சதவீதம் என்று எழுதியாக வேண்டும். அந்த 3% அப்படி வந்ததுதான். வாசனைப் பொருளுக்கு 1334/2008 எண் ஒழுங்குமுறை. அதன்படி லேபிளில் மூன்று படிகள் வரும்:

'ட்ரஃபிளின் இயற்கை அரோமா' என்றிருந்தால் அந்த வாசனைக் கூறில் குறைந்தது 95% ட்ரஃபிளிலிருந்தே எடுத்திருக்க வேண்டும். இத்தாலிய லேபிளில் 'அரோமா நாத்துராலே தி தார்துஃபோ' என்று இருக்கும்.

'இயற்கை அரோமா' என்று மட்டும் இருந்தால் மூலம் இயற்கையானது, ஆனால் அது ட்ரஃபிளாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

வெறும் 'அரோமா' என்றால் ஆய்வகத்தில் செய்ததாகவும் இருக்கலாம். உங்கள் பாட்டில் இந்த ரகம்.

இன்னொரு வகையும் உண்டு. உப்பு, ட்ரஃபிள், வேறு எதுவும் இல்லை. அப்படி ஒன்று கிடைத்தால் வாசம் மெலிதாகத்தான் இருக்கும். பாதிப் பேர் அதை வாங்கிவிட்டு 'இது ஒரிஜினல் இல்லை' என்று திட்டுவார்கள். செயற்கை வாசத்துக்குப் பழகிய மூக்குக்கு அசல் குறைச்சலாகத்தான் தெரியும்.

வெண்ணெய்க்கட்டி

கடைசி வரிக்கு ஒரு கைதட்டல்.

சரி, சண்டை ஒரு பக்கம் நடக்கட்டும். அரைக்கரண்டி, எதில் போடுவது என்று கேட்டீர்கள் அல்லவா, நான் அதற்கு வருகிறேன்.

முதலில் பாஸ்தா தண்ணீர். வேண்டவே வேண்டாம். கொதிக்கும் நீரில் வாசம் ஆவியோடு போய்விடும், மிஞ்சுவது வெறும் உப்பு. அதற்குச் சாதாரண உப்பு போதும். இந்த உப்பு அடுப்பை அணைத்த பிறகு வேலை செய்கிற சாமான். தூவுவது, பரிமாறுவது, அவ்வளவுதான்.

இரண்டாவது, கொழுப்பு. இந்த வாசச் சேர்மங்கள் கொழுப்பில் நன்றாகக் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. வெண்ணெய், முட்டையின் மஞ்சள் கரு, பாலேடு, சீஸ் இவற்றில் ஒட்டிக்கொண்டு வாய்க்குள் போய் மெல்ல அவிழும். பச்சை ட்ரஃபிளை முட்டைகளோடு ஒரே ஜாடியில் மூடி வைத்தால் ஓட்டைத் தாண்டி உள்ளே மணம் ஏறிவிடும் என்பது ட்ரஃபிள் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை.

அதனால் முட்டைதான் முதலிடம், பின்னிரவுப்பசி சொன்னது முழுக்கச் சரி. செய்முறை இப்படி: முட்டையை உப்பே போடாமல் அடியுங்கள். கனமான வாணலி, மிகச் சிறு தீ, தாராளமாக வெண்ணெய். மரக்கரண்டியால் அடியைத் தடவித் தடவிக் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பிறகு ஓரத்தில் சின்னச் சின்னத் திரள்கள் தெரியும். பார்க்க இன்னும் ஈரமாக, 'இது வேகவில்லையே' என்று தோன்றும் நேரத்தில் இறக்கிவிடுங்கள், வாணலிச் சூடே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தட்டில் எடுத்து வைத்து அரை நிமிடம் விட்டு, ஆவி கொஞ்சம் அடங்கியதும் விரல் நுனியால் உப்பைத் தூவுங்கள். உடனே சாப்பிட வேண்டும். இரண்டு முட்டைக்குக் கால் டீஸ்பூனுக்கும் குறைவாகத் தொடங்குங்கள்.

வெண்ணெயில் கலந்து வைப்பது அடுத்தது. உப்பில்லாத வெண்ணெய் 100 கிராமை இளக விட்டு, ஒரு டீஸ்பூன் ட்ரஃபிள் உப்பைப் பிசைந்து, மூடி, ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். ரொட்டியில் தடவலாம், மசித்த உருளைக்கிழங்கில் கலக்கலாம், வறுத்து இறக்கிய இறைச்சித் துண்டின் மேல் ஒரு வில்லை வைக்கலாம். வெந்த பாஸ்தாவில் புரட்டினால் காணொளிக்காரர் ஆசைப்பட்டது நடக்கும்.

பாப்கார்னுக்கு உப்பைக் கல்லில் பொடித்துவிட்டுப் போடுங்கள். பெரிய பரல் எல்லாம் கிண்ணத்தின் அடியில்தான் போய்ச் சேரும். பொரித்த உருளைக்கிழங்குக்கும் அப்படியே.

பார்மிஜானோ மாதிரி சீஸ் சேர்க்கும் இடத்தில் உப்பைப் பாதியாகக் குறையுங்கள், சீஸிலேயே போதுமான உப்பு இருக்கிறது. தக்காளி, வினிகர், எலுமிச்சை, மிளகாய், பூண்டு இவற்றோடு சேர்க்காதீர்கள். வாசம் அடிபட்டுப் போகும்.

கானகத்தான்

பூண்டு விஷயத்தில் மட்டும் நிற்கிறேன் அக்கா. இத்தாலியின் அம்ப்ரியாவில், நோர்ச்சா பக்கம், கறுப்பு ட்ரஃபிளை ஆலிவ் எண்ணெயில் பூண்டும் நெத்திலியும் சேர்த்து இளஞ்சூட்டில் வாட்டித்தான் ஸ்பகெட்டியில் புரட்டுகிறார்கள். ஆல்பா இருக்கும் பியட்மாண்டில் வெள்ளை ட்ரஃபிளைச் சூடே காட்டாமல் வெண்ணெய் பாஸ்தா மேல் பச்சையாகச் சீவுகிறார்கள். கறுப்புக்கு ஒரு சட்டம், வெள்ளைக்கு ஒரு சட்டம்.

வெண்ணெய்க்கட்டி

உண்மைதான். ஆனால் அங்கே இருப்பது அசல் கறுப்பு ட்ரஃபிள், அதன் மணத்தில் பல அடுக்குகள் இருப்பதாக சோதனைக்குழாய் சாரே சொல்லிவிட்டார். இந்த உப்பில் இருப்பது கிட்டத்தட்ட ஒற்றை நாதம். அதன் மேல் பூண்டை ஏற்றினால் யார் சத்தம் கேட்கும் என்று நினைக்கிறீர்கள்? அசலுக்கான விதியை உப்புக்குப் பொருத்த வேண்டாம். பூண்டு வேண்டும் என்றால் எண்ணெயில் ஒரு பல்லைப் பொரித்து எடுத்து எறிந்துவிட்டுச் செய்து பாருங்கள், அந்த அளவு தாங்கும்.

மண்புழு

ட்ரஃபிள் என்பது உண்மையில் என்ன? காளானா, கிழங்கா? படத்தில் பார்த்தால் கருகிய உருளைக்கிழங்கு போல இருக்கிறது.

கானகத்தான்

மண்ணுக்கடியில் விளையும் பூஞ்சையின் கனியுடல். டியூபர் என்ற பேரினம். ஓக், ஹேசல், பாப்லர் போன்ற மரங்களின் நுனிவேரில் பூஞ்சை இழை உறையாகப் படர்ந்து கூட்டு வாழ்க்கை நடத்தும். மரம் சர்க்கரை கொடுக்கும், பூஞ்சை நீரும் தாதுவும் கொடுக்கும். கறுப்பு ட்ரஃபிள் இருக்கும் மரத்தைச் சுற்றி வட்டமாகப் புல் கருகிக் கிடக்கும், அனுபவசாலிகள் தூரத்திலிருந்தே கண்டுகொள்வார்கள்.

மண்ணுக்குள் இருப்பதால் வித்துகளை, அதாவது பூஞ்சையின் விதை போன்ற நுண்துகள்களை, காற்றில் பரப்ப வழியில்லை. ஆகவே மணத்தை வீசி விலங்குகளைக் கூப்பிடுகிறது. தோண்டித் தின்னும் விலங்கு வித்தைச் சுமந்து போகும். நாம் மோந்து மயங்குவது, காட்டுப்பன்றிக்கு அனுப்பிய அழைப்பை.

சமையலில் பெயர் சொல்லத்தக்க இனங்கள் சில: டியூபர் மேக்னாட்டம், வெள்ளை. ஆல்பாவும் மார்க்கே பகுதியின் அக்வாலான்யாவும் இதற்குப் பேர்போன ஊர்கள். குரோஷியாவின் இஸ்ட்ரியாவிலும் கிடைக்கிறது, 1999இல் அங்கே 1.31 கிலோ எடையில் ஒன்று கிடைத்து கின்னஸில் ஏறியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நல்ல பருவம். டியூபர் மெலனோஸ்போரம், குளிர்காலக் கறுப்பு, பெரிகோர் ட்ரஃபிள் என்பார்கள். ஆனால் இன்று இதைக் கொட்டிக் குவிப்பது ஸ்பெயினின் தெருவேல் மாநிலம், சாரியோன் ஊர்ப்பக்கம். ஆஸ்திரேலியாவின் மேற்கிலும் தோட்டங்கள் இருக்கின்றன, அங்கே பருவம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட். டியூபர் ஈஸ்டிவம், கோடைக்காலத்தது. மே முதல் ஆகஸ்ட் வரை, மலிவு, மணம் மென்மை. உங்கள் உப்பில் இருப்பது இதுதான்.

சோதனைக்குழாய்

பன்றி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பெண் பன்றி ட்ரஃபிளை வெறியோடு தேடுவதற்குக் காரணம், அதில் ஆண் பன்றியின் பாலியல் மணப்பொருளான ஆண்ட்ரோஸ்டெனால் இருப்பது என்று 1981இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அழகான கதை, இன்றுவரை எல்லோரும் சொல்கிறார்கள். 1990இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ட்ரஃபிள், ஆண்ட்ரோஸ்டெனால், டைமெத்தில் சல்ஃபைடு என்று தனித்தனியே புதைத்துச் சோதித்தார்கள். பன்றியும் நாயும் தோண்டியது ட்ரஃபிளையும் டைமெத்தில் சல்ஃபைடு இருந்த இடத்தையும்தான். ஆண்ட்ரோஸ்டெனாலை ஒன்றும் சீண்டவில்லை.

பொடியெழுத்து

இத்தாலியில் இப்போது பன்றியைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. 1985ஆம் ஆண்டின் 752ஆம் எண் சட்டப்படி பயிற்சி பெற்ற நாயோடுதான் தேட வேண்டும், சிறு கைமண்வெட்டியால் நாய் காட்டிய இடத்தில் மட்டும் தோண்ட வேண்டும், தோண்டிய குழியை மூட வேண்டும். பன்றி வேரையே கிளறிப் போட்டுவிடும், கிடைத்ததைத் தின்றும் விடும். லகோட்டோ ரோமன்யோலோ என்ற சுருட்டை முடி நாய் இந்த வேலைக்கென்றே பெயர் எடுத்தது. இத்தாலிய ட்ரஃபிள் தேடல் அறிவை யுனெஸ்கோ 2021இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பின்னிரவுப்பசி

இவ்வளவு கிராக்கி இருந்தால் தோட்டம் போட்டு வளர்க்க வேண்டியதுதானே?

கானகத்தான்

கறுப்பைப் போட்டாயிற்று. பிரான்சின் வோக்ளூஸ் பகுதியில் 19ஆம் நூற்றாண்டிலேயே, ட்ரஃபிள் கிடைத்த ஓக் மரத்தின் விதைகளை நட்டால் அந்தக் கன்றுகளின் அடியிலும் கிடைக்கும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். 1970களில் வேரிலேயே பூஞ்சையை ஏற்றிய கன்றுகள் விற்பனைக்கு வந்தன. இன்றைய கறுப்பு ட்ரஃபிளில் பெரும்பங்கு தோப்பு விளைச்சல்தான்.

வெள்ளைதான் யாருக்கும் மசியவில்லை. அது இயல்பாக விளையாத நிலத்தில், வேரில் ஏற்றிய கன்றுகளிலிருந்து சில வெள்ளை ட்ரஃபிள்கள் கிடைத்தன என்று பிரான்சின் வேளாண் ஆய்வு நிறுவனமான இன்ரே 2021இல்தான் அறிவித்தது. விரல் விட்டு எண்ணும் அளவு. வெள்ளை கிலோவுக்கு ஆயிரக்கணக்கான யூரோ போவது இதனால்தான்.

இப்போது சொல்லுங்கள், அப்படிப்பட்ட பொருளின் பெயரை 3% துணுக்கு போட்ட உப்புக்கு வைப்பது சரியா?

பொடியெழுத்து

அண்ணே, நீங்களே சொன்ன விலைக்கு எத்தனை பேர் அசலை மோந்து பார்ப்பார்கள்? ஒரு பாட்டில் உப்பு பல பேருக்கு முதல் அறிமுகம். என் வாதம் இவ்வளவுதான்: விற்கட்டும், ஆனால் முன்பக்கத்தில் 'ட்ரஃபிள் வாசனை உப்பு' என்று பெரிய எழுத்தில் போடட்டும்.

கானகத்தான்

அப்படிப் போட்டால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். போட மாட்டார்கள்.

நாணயக்காரி

குறுக்கே ஒரு கதை. பண்டைய ரோமில் பிளினி என்ற எழுத்தாளர் எழுதி வைத்தது. ஸ்பெயினில் பதவியில் இருந்த லார்சியஸ் லிசினியஸ் என்ற அதிகாரி ட்ரஃபிளைக் கடித்தபோது உள்ளே ஒரு தினாரியஸ் நாணயம் இருந்து முன்பல்லைக் கோணலாக்கிவிட்டதாம். ட்ரஃபிள் என்பது மண் தானாகத் திரண்ட உருண்டைதான் என்பதற்கு பிளினி இதை ஆதாரமாகக் காட்டுகிறார். பல் கோணியவருக்கு ஆறுதல் சொன்னாரா தெரியவில்லை.

மண்புழு

பச்சை ட்ரஃபிள் கிடைத்தால் வீட்டிலேயே உப்பு செய்யலாமா?

வெண்ணெய்க்கட்டி

செய்யலாம். எடையில் ஒரு பங்கு ட்ரஃபிளுக்குப் பத்துப் பங்கு நல்ல கடல் உப்பு. தூரிகையால் மண் போகத் தேய்த்து, மிக நுண்ணியதாகத் துருவி உப்போடு பிசறுங்கள். ட்ரஃபிளின் எடையில் முக்கால்வாசி தண்ணீர், அதனால் உப்பு ஈரமாகிவிடும். தட்டில் பரப்பி, மெல்லிய துணி போர்த்தி, சூடு காட்டாமல் முழுக்க உலர விட்டு பாட்டிலில் அடையுங்கள். அரோமா சேர்க்காததால் மணம் சில வாரங்களிலேயே இறங்கத் தொடங்கும், கொஞ்சமாகச் செய்யுங்கள்.

உப்பும் உலர்ந்திருக்க வேண்டும். சிசிலியின் டிராபானி உப்பளத்து வெள்ளை உப்பு போன்றது நல்லது. பிரான்சின் கெராந்து சாம்பல் உப்பு தனியாகச் சாப்பிட அருமை, ஆனால் இயல்பிலேயே ஈரம் பிடித்தது, இதற்குச் சரிவராது.

சோதனைக்குழாய்

இங்கே ஒரு எச்சரிக்கை. உப்பில் செய்யுங்கள், எண்ணெயில் பச்சை ட்ரஃபிளைப் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். மண்ணிலிருந்து வருவதில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் வித்துகள் இருக்கலாம். எண்ணெய்க்குள் காற்று புகாது, அமிலமும் இல்லை, அந்தக் கிருமிக்கு அதுதான் தோது. உலர்ந்த உப்பில் அதற்குத் தேவையான நீர் கிடைக்காது.

நுண்ணோக்கி

பல நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன், ஆசை தாங்கவில்லை. என்னிடம் இருந்த ஒரு ட்ரஃபிள் உப்பின் துணுக்கை எடுத்து, தண்ணீரில் ஊறவைத்து, சவரக் கத்தியால் மெல்லச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். உலர்ந்தாலும் வித்துகள் அப்படியே நிற்கின்றன. பழுப்பு முட்டை வடிவம், மேலே வலைக்கண் போட்ட மேடுகள். அது டியூபர் ஈஸ்டிவத்தின் அடையாளம், லேபிளிலும் கோடைக்கால ட்ரஃபிள் என்றே இருக்கிறது. மெலனோஸ்போரமாக இருந்தால் வலை இருக்காது, முள் முள்ளாக நிற்கும்.

சிக்கல் எங்கே என்றால், சீனத்து டியூபர் இண்டிகமும் வெளித்தோற்றத்தில் மெலனோஸ்போரம் போலவே இருக்கும், வித்திலும் முள் உண்டு. மணம் குறைவு, விலையும் குறைவு. டிஎன்ஏ சோதனையில்தான் உறுதியாகப் பிரிக்க முடியும். 'கறுப்பு ட்ரஃபிள்' என்று பொத்தாம்பொதுவாக எழுதி, இனப்பெயர் போடாத பாட்டிலைப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது இந்தச் சந்தேகம்தான்.

கானகத்தான்

இதைத்தான் ஆரம்பத்திலிருந்து தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! ட்ரஃபிள் சாஸ் பாட்டில்களையும் ஒரு முறை பாருங்கள். பலவற்றில் முக்கால்வாசி சாம்பினியான் என்ற சாதாரண மொட்டுக் காளான்தான்.

அரைக்கரண்டி

எல்லோருக்கும் நன்றி. முட்டை செய்தாயிற்று, வெண்ணெய் ஃபிரிட்ஜில் இருக்கிறது. வீட்டில் ஒருவருக்குப் பிடித்துப்போனது, ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டார். கடைசியாக ஒன்று: பாட்டிலுக்குள் உப்பு கட்டி பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. ஓவனில் காயவைக்கலாமா?

வெண்ணெய்க்கட்டி

ஐயோ வேண்டாம், மிச்ச வாசமும் ஓவனுக்குள் போய்விடும், அடுத்து சுடும் கேக்கிலும் அது வரும். காய்ந்த முள்கரண்டியால் உடைத்துவிடுங்கள், உடையாத கட்டியைக் கல்லில் பொடித்து பாப்கார்னுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் சட்டிக்கு மேலே பாட்டிலைக் கவிழ்க்கிற பழக்கம் இருந்தால் அதனால்தான் ஈரம் ஏறுகிறது. தனியே ஒரு சின்னக் கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு தூவுங்கள், பாட்டிலை உடனே மூடி வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு போனவருக்குச் சாதாரண உப்பு போட்ட முட்டையைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.